மலை நடந்து வந்த ஊர்

1978ஆம் ஆண்டு தை மாதம். பூநகரியில் நான் படிப்பித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் பாடம். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அச்சிட்ட நில அளவைப் படத்தை மேசையில் விரித்து, சமவுயரக் கோடு என்றால் என்னவென்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். கோடுகள் நெருங்கிக் கிடந்தால் செங்குத்து, விலகிக் கிடந்தால் சாய்வு. அந்தப் படத்தில் நூறடிக்கு ஒரு கோடு. பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பக்கத்தை விரலால் தடவித் தேடினார்கள். குளம் இருந்தது, வயல் இருந்தது, வண்டிப்பாதை இருந்தது. கோடு ஒன்றையும் காணவில்லை.

முன்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். 1977 ஆவணி வன்செயலுக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து வன்னிக்கு வந்து சேர்ந்த குடும்பம்.

“சேர், உங்க ஊர்ல மலையே கிடையாதா?”

பின்வாங்கில் இருந்து ஒரு பெடியன் சத்தம் வைத்தான்: “ஏன் இல்லை? செம்மண்குன்று இருக்குத்தானே!”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். செம்மண்குன்று எங்கள் பக்கத்துக் கிராமம். சைக்கிளில் போகிறவனுக்கு ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று முழங்கால் கூடச் சொல்லாது. ஆனாலும் பெயர் குன்றுதான்.

பிறகு அந்தப் பிள்ளையிடம், உன்னுடைய ஊர் மலையைப் பற்றிச் சொல்லு என்றேன். பனிமூட்டம், தேயிலை, நீர்வீழ்ச்சி என்று கலண்டர் படம் போல ஏதாவது வரும் என்று இருந்தோம். அவள் சொன்னது: “மழை விடாமப் பெஞ்சா மலை எறங்கி வரும் சேர். லயத்த விட்டுட்டு ஓடணும்.”

மலை என்றால் அசையாதது என்று படித்தவன் நான்; அப்படியே படிப்பித்தவனும் நான். மலையடிவாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அது இறங்கி வருகிற சாமான். 2014 ஐப்பசி 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்த செய்தியை வானொலியில் கேட்ட போது அந்தப் பிள்ளையின் முகம்தான் முன்னால் வந்தது. இப்போது எனக்கு எழுபத்தைந்து வயது. எங்கள் ஊருக்கு மலை உண்டா என்ற கேள்விக்கு இந்த வயதில்தான் ஒழுங்கான மறுமொழி வைத்திருக்கிறேன்.

மட்டமான நிலத்தில் பிறந்தவர்களுக்கு உயரத்தைப் பற்றி நுணுக்கமான சொற்கள் உண்டு. மேடு, திடல், திட்டி, பிட்டி, குன்று என்று எங்கள் அப்பு ஒவ்வொன்றையும் வேறு வேறாகத்தான் சொல்லுவார். மாரியில் வெள்ளம் ஏறாமல் மாடு கட்டக் கூடியது திடல். தனியே புடைத்து நிற்பது பிட்டி. நீரேரிக் கரையில் இருக்கிற சங்குப்பிட்டி அப்படி வந்த பெயராக இருக்க வேண்டும். இந்தக் கடல்களில் சங்கு குளித்து வங்காளத்துக்கு வளையல் அறுக்க அனுப்பியது ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அரசாங்கத்துக்கே வருமானம் தந்த தொழில். குவித்த சங்கா, சங்கு விளைந்த திட்டா என்று கேட்டால் அப்பு சொல்லுவார்: “மேடு எண்டு மட்டும் பிடி, மிச்சத்தை விடு.”

யாழ்ப்பாணத்தாரும் இந்த விடயத்தில் எங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அவர்களுக்குக் கீரிமலை இருக்கிறது. மலை என்று பெயர் வைத்துக்கொண்டு, படியால் இறங்கிப் போய்க் கடலோரக் கேணியில் முழுகுகிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

நான் உண்மையான மலையைக் கண்டது 1969இல், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் நாள். பரந்தனில் இரவுக் கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறி, கடுகண்ணாவை ஏற்றத்தில் விடிந்தது. 1867இல் கண்டி வரை ஓடத் தொடங்கிய பாதை அது. யன்னலுக்கு வெளியே நிலம் செங்குத்தாக எழும்பி நின்றது. எனக்கு வந்தது வியப்பு இல்லை, பயம். வானம் பாதிதான் இருந்தது. பூநகரியில் வானம் நிலத்தைத் தொடுகிற இடம் வரை கண் போகும். இங்கே ஹந்தானை குறுக்கே நின்று மறித்தது. முதல் வாரம் முழுக்க மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது என்று சொன்னால், கண்டிப் பக்கத்துச் சினேகிதர்கள் இன்னும் பகிடி பண்ணுவார்கள்.

அங்கேதான் மூன்று படிகளைப் பற்றிப் படித்தேன். 1929இல் பிராங்க் டோசன் ஆடம்ஸ் என்ற கனடா நாட்டுப் புவிச்சரிதவியலாளர் இலங்கையைப் பார்த்து, இந்தத் தீவு மூன்று தட்டாக இருக்கிறது என்று எழுதினார். கரையோரச் சமவெளி ஒரு தட்டு, ஏறத்தாழ 1,600 அடியில் இரண்டாவது, 6,000 அடிக்குக் கிட்ட மூன்றாவது. ஒவ்வொன்றும் மழையும் ஆறும் தேய்த்துத் தட்டையாக்கிய பழைய நிலம் என்பது அவருடைய கணிப்பு. பின்னர் இலங்கையில் கனிப்பொருள் ஆய்வாளராக இருந்த டி. என். வாடியா, தேய்ந்ததால் மட்டும் இந்தப் படிகள் வரவில்லை, நிலமே துண்டு துண்டாக மேலே எழும்பியது என்று மறுத்தார். சோதனைக்கு இரண்டையும் எழுதிப் புள்ளி வாங்கினோம். என் மனத்தில் நின்றது வேறொன்று. யார் சொன்னது சரியானாலும், வன்னி என்று நாங்கள் சொல்லுகிற காட்டு வெளியின் அடியில் கிடப்பது மலைநாட்டின் அடியில் கிடக்கிற அதே பழம்பாறை வகை, கோடி கோடி ஆண்டுகளாக அரைபட்டுத் தாழ்ந்தது. அரைபடாமல் தப்பிய முளைகள்தான் அங்கங்கே நிற்கின்றன. 766 மீற்றர் உயர ரித்திகல பெரியது. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையும் வவுனியா வடக்கின் வெடுக்குநாறிமலையும் சின்னவை. (சின்னது என்றாலும் அவற்றின் உச்சியில் யாருடைய தெய்வம் என்ற வழக்கு இன்றைக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மலை குறைந்த நாட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் விலை கூட.)

அரைபட்ட மிச்சம் எங்கே போனது? அதைத்தான் நாங்கள் காலால் மிதித்துக்கொண்டு திரிகிறோம்.

பூநகரியின் அடியில் இருப்பது பாறை வகையிலேயே வேறு: மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணக்கல். பொன்னாவெளியில் சீமெந்துக்காக அதை அகழக் கூடாது என்று 2023இலும் 2024இலும் சனம் கொட்டகை போட்டுக் குந்தியிருந்தது அந்தக் கல்லுக்காகத்தான். ஆனால் அதன் மேலே கிடக்கிற மணல் சுண்ணக்கல்லில் இருந்து வந்தது அல்ல. உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால் பளிங்குத் துகள் மின்னும். அது கருங்கல் நாட்டுச் சரக்கு. வன்னிக்குள் இருந்து பாலியாறும் பறங்கியாறும் மண்டைக்கல்லாறும் மாரிக்கு மாரி வாரிக்கொண்டு வந்து கடலில் கொட்ட, கடல் அலைத்துக் கரையில் ஒதுக்க, காற்று அள்ளி உள்ளே போட்டது. அந்த மலைநாட்டுப் பிள்ளையின் ஊர் மலை எங்களிடம் வரவில்லை என்பதையும் வாத்தியார் என்ற முறையில் சொல்லிவிட வேண்டும். அது மகாவலியோடு 335 கிலோமீற்றர் போய்க் கொட்டியாறக் குடாவில் விழுகிறது. எங்களிடம் வந்தது எங்களுடைய சொந்த மலை, வன்னி நிலத்தில் ஒரு காலம் நின்றது.

அந்த மணலும் இரண்டு தலைமுறை. செம்மண்குன்றிலும் அதைச் சுற்றியும் இருப்பது மூத்தது. மிகப் பழைய காலத்தில் காற்று குவித்த மணல். மணிக்கு மணி இரும்புத்துரு பூசிச் சிவந்து இறுகி, இப்போது மரமும் பயிரும் ஏறி, பார்த்தால் மணல்மேடு என்றே தெரியாது. இந்தச் செம்மணலும் அதன் கீழே கிடக்கிற சரளையும் சேர்ந்த படிவுக்கு ஆய்வாளர்கள் இரணைமடுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கிளிநொச்சிச் சனத்துக்கு இரணைமடு என்றால் குளம். உலகத்தின் தொல்வரலாற்று நூல்களில் அது கல்லாயுத மனிதனின் விலாசம். சிரான் தெரணியகல 1992இல் வெளியிட்ட இலங்கைத் தொல்வரலாற்று நூலில் இந்த வகைப் படிவுகளுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். தென்கரையில் புந்தலப் பக்கம் இதே மாதிரியான படிவில் கிடைத்த கல்லாயுதங்களுக்கு 1,25,000 ஆண்டு வயது சொல்லியிருக்கிறார். பகிடியாகக் குன்று என்றோமே, அது அவ்வளவு இளைத்ததல்ல.

இளையது வெள்ளை மணல். அதைப் பார்க்கப் பூநகரிச் சந்தியில் இருந்து மேற்கே, வினாசியோடை தாண்டி, கௌதாரிமுனைக்குப் போக வேண்டும். நீரேரிக்கும் கடலுக்கும் நடுவே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு போகிற நிலம் அது. அதன் கடைசியில் மண்ணித்தலையும் கல்முனையும். கல்முனையில் நின்றால் அக்கரையில் யாழ்ப்பாணம். இரவில் வெளிச்சம் தெரியும். கௌதாரி என்ற பறவை வறண்ட வடக்கிலும் வடமேற்குக் கரையிலும்தான் இந்தத் தீவில் உண்டு. முனைக்குப் பெயர் அதனால். அங்கே ஒரு நல்ல வடலி உயரத்துக்கும் மேலே மணல் எழும்பி நிற்கும். அப்பு அதை மணல்மலை என்றுதான் சொல்லுவார், நாங்களும் அப்படியே.

சிறுவயதில் மாட்டு வண்டிலில் ஒரு முறை கூட்டிக்கொண்டு போனார். சோழகம் அடிக்கிற காலம். மேட்டின் முதுகில் குப்புறக் கிடக்கச் சொன்னார். காதை மணலோடு வைத்தால் ‘சிர்’ என்று ஒரு சத்தம் ஓடும். “மோனை, மலை நடக்குது, கேள்” என்றார். பிறகு பேராதனையில் அதைப் படமாக வரைந்தார்கள்: காற்று வருகிற பக்கம் மெல்லச் சாய்வு, மறுபக்கம் முப்பது பாகைக்கு மேற்பட்ட சரிவு. மணி ஒவ்வொன்றும் துள்ளித் துள்ளி முதுகு ஏறி, உச்சியில் இருந்து அந்தப் பக்கம் உருள, மேடு முழுவதும் முன்னால் நகரும். அப்பு பள்ளிக்கூடம் போனவர் அல்ல. காதால் கேட்டே அறிந்தவர்.

நடக்கிற மலையைப் பிடித்துக் கட்டி வைப்பது பெரிய மரம் இல்லை. முதலில் இராவணன் மீசை என்கிற முள்ளுப் புல். பிறகு அடம்பன் கொடி. அதற்குப் பிறகு தாழை, பனை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொல்லுகிறவர்கள் அதை ஒற்றுமைக்கு உவமையாகத்தான் எடுக்கிறார்கள். முனைக்குப் போய்ப் பார்த்தால் அது உவமை இல்லை, நேரே கண்ட சங்கதி. கொடி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வடமராட்சி கிழக்கில் மணற்காட்டைப் பார்க்கலாம். அங்கே பழைய அந்தோனியார் கோவிலை மணல் மூடிவிட்டது.

ஏன் ஆட்கள் இந்த வெறும் மணலில் குடியிருந்தார்கள்? வயல் செய்வதற்கு இல்லை. மொட்டைக்கறுப்பன் விளைகிற பூநகரி வயல் எல்லாம் தாழ்ந்த நிலத்தில், மழையை நம்பி. மேட்டுக்கு வந்தது தண்ணீருக்காக.

சுற்றிவரக் கடல், உவர், களப்பு. ஆனால் மணல்மேட்டின் அடிவாரத்தில் இரண்டு முழம் கையாலே தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அந்தச் சிறு குழிக்குப் பூவல் என்று பெயர். எங்கள் பெண்கள் சிரட்டையால் மெல்ல மெல்ல அள்ளிக் குடத்தை நிரப்புவார்கள். அவசரப்பட்டு இறைத்தால் உவர்த்துவிடும் என்று ஆச்சி ஏசுவா. ஆச்சியின் ஏச்சுக்கு விஞ்ஞானம் உண்டு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனம் கூடிய உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கும். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இதை 1888இல் பாடன் கைபன் என்ற ஒல்லாந்தப் படைப் பொறியியலாளரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மனியரும் தனித்தனியே கணக்கிட்டுச் சொன்னார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேட்டை வழித்து, நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே நாற்பது அடி போய்விடும். பூநகரியில் மணல்மலை என்பது தண்ணீர்த் தாங்கி. உயரம் என்று நாங்கள் சொன்னது எல்லாம் தண்ணீரைத்தான்.

தண்ணீர் இருந்த இடத்தில் ஊர் இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் ப. புஷ்பரட்ணம் இந்தப் பக்கம் முழுக்கக் கால்நடையாகத் திரிந்து, 1993இல் ‘பூநகரி தொல்பொருளாய்வு’ என்ற நூலை எழுதினார். மண்ணித்தலை, வெட்டுக்காடு, பரமன்கிராய் என்று எங்களுக்கு மாடு தேடப் போகிற இடமாக மட்டும் தெரிந்த பெயர்கள், அந்த நூலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய குடியிருப்புகளாக வந்தன. கறுப்பு–சிவப்பு மட்பாண்டம், பிராமி எழுத்துக் கீறிய ஓடுகள், பழங்காசுகள். சின்ன வயதில் நாங்கள் மேட்டுச் சரிவில் பொறுக்கி எட்டுக்கோடு விளையாடிய ஓட்டுத் துண்டுகளும் அவைதான் என்று வாசித்த போது எனக்கு உடம்பு கூசியது. எத்தனையைக் கடலில் தத்த விட்டு எறிந்தோம்!

மண்ணித்தலையில் ஒரு சிவன் கோவில் இடிந்து நிற்கிறது. சோழர் காலக் கலைமரபு என்று அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். தஞ்சாவூருக்குப் போய் வந்தவர்கள் அதைப் பார்த்தால், இவ்வளவுதானா என்பார்கள். நான் அவர்களிடம் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவேன். கருங்கல் இல்லை. கடலில் இருந்து எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். மலை இல்லாத ஊரில் சிற்பிக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கைக்குக் கிடைத்ததில் விமானம் எழுப்பியிருக்கிறான். எனக்கு அது பெரிய கோவில்.

பூநகரிக் கோட்டையும் அப்படியே. போர்த்துக்கேயர் கட்டியது, சதுரம், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம். 1770இல் ஒல்லாந்தர் மதிலைப் பெருப்பித்தார்கள். ஆங்கிலேயர் 1805இல் பக்கத்தில் ஒரு வாடிவீடு கட்டிவிட்டு, பீரங்கிக்கு வேலை இல்லை என்று கண்டுகொண்டார்கள். மற்ற நாட்டில் கோட்டையை மலை உச்சியில் வைப்பார்கள். இங்கே ஏற இடம் இல்லாததால், பாதையைப் பார்த்து வைத்தார்கள். மன்னாரில் இருந்து வருகிறவன் யாழ்ப்பாணம் போக நீரேரி கடக்கிற துறை இது. என் இளமையில் சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் நடுவே ‘பாதை’ ஓடியது. வெளியூராருக்கு விளங்காது, பாதை என்றால் வாகனத்தை ஏற்றி மிதக்கிற தெப்பம். இப்போது 288 மீற்றர் பாலம், 2011 தையில் திறந்தது. ஐந்து நிமிடத்தில் கடந்து விடுகிறோம்.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்ட எனக்கு விருப்பம் இல்லை. 1993 கார்த்திகையில் பூநகரி இராணுவ முகாம் தாக்கப்பட்டது. 2008இல் நாச்சிக்குடாவில் இருந்து அக்கராயன் பக்கமாக மண் அணை எழும்பியது. என் வாழ்நாளில் எங்கள் பகுதியில் மனிதக் கையால் எழும்பிய மிக நீண்ட மலைத்தொடர் அது. அந்த ஆண்டு கார்த்திகை 15ஆம் திகதி பூநகரி இராணுவத்தின் கைக்குப் போன போது நாங்கள் ஊரில் இல்லை. மூட்டையோடு கிழக்கே கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். திரும்பி வந்த போது வீடு இல்லை, கூரை இல்லை, வேலிப் பனைகளில் பாதி தலை இல்லை. கௌதாரிமுனை மேடுகள் மட்டும் கிடந்தபடி கிடந்தன.

பிறகுதான் அவை போகத் தொடங்கின. ஊர் முழுக்க வீடு எழும்பிய காலம். இந்திய அரசின் உதவியில் மட்டும் வடக்கு கிழக்குக்கு 46,000 வீட்டுத் திட்டம். வேறு திட்டங்கள் வேறு. அதற்கெல்லாம் மணல் வேண்டும். எங்கள் பக்கத்து வெள்ளை மணலுக்கு நல்ல கேள்வி. காற்று ஆயிரம் ஆண்டாக ஒவ்வொரு மணியாகத் தூக்கி வைத்ததை, பெக்கோ ஒன்று ஒரு காலைப் பொழுதில் அள்ளி டிப்பரில் போட்டுவிடும். முனையில் இருக்கிற சனம் பல முறை பாதையை மறித்திருக்கிறது. சில நாள் நிற்கும்; பிறகு இரவில் ஓடும். எதிர்த்தால், வீடு கட்ட உங்களுக்கு மணல் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். என்னுடைய வீடும் அப்படிக் கட்டியதுதான். மேசன் சாந்து குழைத்த போது நான் பக்கத்தில் நின்று, மணல் நல்ல சுத்தம் என்று மெச்சினேன். என் அறைச் சுவரில் கௌதாரிமுனை நிற்கிறது.

எடுத்தால் காற்று திரும்பக் கொண்டு வந்து போடும்தானே என்று சில படித்தவர்களும் சொல்லுகிறார்கள். போடாது. ஆறுகளை மறித்துக் குளம் கட்டியிருக்கிறோம், ஆற்று வாயிலேயே மணலும் அள்ளுகிறோம். கடலுக்கு வருகிற மணல் குறைந்துவிட்டது. கொடியும் புல்லும் உரிந்த மேடு நிற்காமல் ஓடி வயலை மூடும். போனது போனதுதான்.

அந்தப் பிள்ளை இப்போது கிளிநொச்சியில் பேரப்பிள்ளை கண்டவர். போன ஆண்டு ஒரு கலியாண வீட்டில் கண்ட போது, “சேர், அந்த மேப்புல கோடு வந்துடுச்சா?” என்று கேட்டுச் சிரித்தார். இல்லைப் பிள்ளை, இருந்ததும் குறைகிறது என்றேன்.

வாசிக்கிறவர்களிடம் கேட்க ஒரு விடயம் உண்டு. உங்களில் பலர் வீடு கட்டுவீர்கள், மதில் கட்டுவீர்கள். மணல் வாங்காமல் இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மணல் எங்கே அள்ளியது என்று டிப்பர்காரனிடம் கேளுங்கள். அரிக்கிற போது அரிதட்டில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஓர் ஓட்டுத் துண்டு தங்கினால் எறிந்துவிடாதீர்கள். கழுவிக் காயவைத்து, அள்ளிய இடத்தின் பெயரையும் திகதியையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.